விதை மண்ணில் விழும் முன்பே விலை ஏன் ஆடுகிறது?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் ஒவ்வொரு மார்ச் மாதக் கடைசியிலும், இந்த ஆண்டு எத்தனை ஏக்கரில் மக்காச்சோளம், எத்தனை ஏக்கரில் சோயா போடப் போகிறார்கள் என்று ஒரு அறிக்கை வருகிறது. வந்த சில நொடிகளிலேயே சிகாகோ சந்தையில் விலை எகிறுகிறது அல்லது சரிகிறது. இன்னும் விதையே போடவில்லை. வெறும் உத்தேசத்துக்கு ஏன் இவ்வளவு ஆட்டம்? அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? அங்குள்ள விவசாயி அறிக்கைக்கு முன்னால் விற்கிறாரா, பின்னால் விற்கிறாரா? நமக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏக்கர் கூடியதா குறைந்ததா என்பதைச் சந்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. தான் எதிர்பார்த்ததற்கும் வந்த எண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்றுதான் பார்க்கிறது. அந்தத் தூரம் எந்தப் பக்கம் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் விவசாயிக்கு இந்த அறிக்கை ஜோசியமாகப் பயன்படாது. விற்காமல் வைத்திருக்கும் தானியத்துக்கு எந்த நாளில் பெரிய ஆபத்து வரும் என்பதை மட்டும் அது காட்டிக்கொடுக்கும். இனி விரிவாகப் பார்ப்போம்.

அறிக்கையை வெளியிடுவது அமெரிக்க வேளாண் துறையின் கீழ் இயங்கும் தேசிய வேளாண் புள்ளியியல் சேவை. மார்ச் முதல் இரண்டு வாரங்களில் பல பத்தாயிரம் பண்ணைகளைத் தொடர்புகொண்டு "இந்த ஆண்டு என்ன போடப் போகிறீர்கள், எவ்வளவு?" என்று கேட்பார்கள். மாதக் கடைசி வேலைநாளையொட்டி வாஷிங்டன் நேரப்படி மதியம் 12 மணிக்கு முடிவை வெளியிடுவார்கள். நம் ஊரில் அப்போது இரவு ஒன்பதரை. மக்காச்சோளப் பட்டை என்று சொல்லப்படும் அயோவா, இல்லினாய்ஸ் பகுதிகளில் விதைப்பு சூடுபிடிப்பது ஏப்ரல் பாதிக்கு மேல்தான். நடவு முடிந்த பரப்பைச் சொல்லும் அடுத்த அறிக்கை ஜூன் 30-ஐ ஒட்டி வரும். பிறகு ஆகஸ்டில், பயிர்க் காப்பீட்டுக்கும் மானியத் திட்டங்களுக்கும் விவசாயிகள் அரசிடம் பதிந்த ஏக்கர் கணக்கையும் சேர்த்துப் பரப்பைத் திருத்துவார்கள். பிப்ரவரியில் வேளாண் துறையின் வருடாந்தர மாநாட்டில் பொருளாதார நிபுணர்களின் மதிப்பீடு ஒன்றும் வரும். அதில் விவசாயிகளிடம் யாரும் கேட்பதில்லை, எல்லாம் மேசைக் கணக்கு. மார்ச் அறிக்கைக்கு மவுசு அதிகம். அந்த ஆண்டில் விவசாயியின் வாயிலிருந்தே வரும் முதல் தகவல் அதுதான்.

எதிர்பார்ப்பு என்று சொன்னேனே, 2021 மார்ச் 31 அதற்கு நல்ல உதாரணம். அன்று வந்த அறிக்கைப்படி மக்காச்சோளம் 9.11 கோடி ஏக்கர், சோயா 8.76 கோடி ஏக்கர். இரண்டுமே அதற்கு முந்தைய ஆண்டைவிட அதிகம், சோயா மட்டும் 5 சதவீதம் கூடுதல். பரப்பு கூடினால் விளைச்சல் கூடும், விலை இறங்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? அன்று இரண்டு தானியங்களும் ஒரே நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு வரை ஏறி நின்றன. மக்காச்சோளம் புஷலுக்கு 25 சென்ட், சோயா 70 சென்ட். சந்தை சராசரியாக எதிர்பார்த்திருந்தது மக்காச்சோளத்துக்கு 9.32 கோடி, சோயாவுக்கு 9 கோடி. அந்த இரண்டு எண்களும் அறிக்கைக்கு முன்பே விலைக்குள் போய்விட்டன. புதிதாக வந்த செய்தி "கூடியிருக்கிறது" என்பதில்லை, "நினைத்த அளவு கூடவில்லை" என்பதுதான். (ஒரு புஷல் மக்காச்சோளம் 25.4 கிலோ, சோயா என்றால் 27.2 கிலோ. இனிமேல் புஷல் என்றே எழுதுகிறேன்.)

அப்படியும் 20 லட்சம் ஏக்கர் குறைவு என்பது மொத்தப் பரப்பில் சுமார் 2 சதவீதம்தானே, அதற்கு இவ்வளவு பெரிய துள்ளலா? இங்கேதான் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பத்து லட்சம் ஏக்கரில் நட்டால் சுமார் 92 சதவீதம் தானியமாக அறுவடையாகும். மிச்சத்தில் பெரும்பகுதி மாட்டுத் தீவனத்துக்காகப் பச்சையாகவே வெட்டப்படும். ஏக்கருக்கு 180 புஷல் என்று வைத்தால் 16.5 கோடி புஷல் வருகிறது. அமெரிக்காவின் ஆண்டு உற்பத்தி 1,500 கோடி புஷலுக்கு மேல். அதோடு ஒப்பிட்டால் இது வெறும் 1 சதவீதம். ஆனால் விலையைத் தீர்மானிப்பது மொத்த உற்பத்தி கிடையாது. ஆண்டு முடிவில், அதாவது அடுத்த அறுவடை வரும்போது, கையில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதே விலையைப் பிடித்து வைக்கிறது. அந்த மிச்ச இருப்பு பல ஆண்டுகளில் 150 முதல் 200 கோடி புஷல் வரைதான் இருக்கும். அதிலிருந்து 16.5 கோடி போனால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காலி.

விலை ஏறியது என்பதற்காகப் பன்றி குறைவாகத் தின்னாது. மக்காச்சோளத்திலிருந்து வண்டி எரிபொருள் எடுக்கும் எத்தனால் ஆலையை மறுநாளே மூட முடியாது. வாங்குபவர்கள் அளவைக் குறைக்க வேண்டும் என்றால் விலை நிறையவே ஏறியாக வேண்டும். கையிருப்பு மெலிந்த ஆண்டில் ஒரு சிறு ஏக்கர் வித்தியாசம் சந்தையைத் தூக்கி எறிவது இதனால்தான். 2021 வசந்தத்தில் சீனா வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தது, இருப்பு மெலிந்திருந்தது. கிடங்குகள் நிரம்பி வழியும் ஆண்டில் இதே 20 லட்சம் ஏக்கர் வித்தியாசம் நாலைந்து சென்ட்டோடு முடிந்துவிடக்கூடும்.

அதே நாள், அதே நொடியில் இன்னொரு அறிக்கையும் வரும் என்பதைச் செய்தி படிப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. மார்ச் 1 நிலவரப்படி கிடங்குகளிலும் பண்ணைகளிலும் எவ்வளவு தானியம் இருக்கிறது என்ற இருப்புக் கணக்கு அது. 2013 மார்ச் 28 அன்று மக்காச்சோள விலை அனுமதிக்கப்பட்ட எல்லை வரை, அதாவது 40 சென்ட், விழுந்தது. காரணம் இருப்பு. 503 கோடி புஷல் இருக்கும் என்று சந்தை நினைத்திருக்க, 540 கோடி இருந்தது. மறுநாள் "விதைப்பு அறிக்கையால் விலை சரிந்தது" என்று தலைப்பைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

சரி, நம்பகத்தன்மை. ஒரு விவசாயி மார்ச்சில் சொல்வது உத்தேசம்தான். அதை மாற்றும் காரணங்கள் மூன்று: விலை, இடுபொருள் செலவு, மழை.

விலையைப் பொறுத்தவரை அங்கே எல்லோரும் பார்ப்பது ஒரு விகிதம். நவம்பர் சோயா முன்பேர விலையை (நவம்பரில் ஒப்படைக்கும் தானியத்துக்கு இப்போதே சந்தையில் பேசப்படும் விலை) டிசம்பர் மக்காச்சோள முன்பேர விலையால் வகுத்துப் பார்ப்பார்கள். 2.5-ஐ ஒட்டி இருந்தால் இரண்டும் சமம் என்பது பழைய கைக்கணக்கு; அதற்கு மேல் போனால் சோயா பக்கம் சாய்வார்கள், கீழே போனால் மக்காச்சோளப் பக்கம். இந்த இரண்டு விலைகளின் பிப்ரவரி மாதச் சராசரிதான் பயிர்க் காப்பீட்டின் அடிப்படை விலையாகவும் ஆகிறது. 2024-ல் அது சோயாவுக்கு 11.55 டாலர், மக்காச்சோளத்துக்கு 4.66 டாலர், விகிதம் 2.48. அந்த மார்ச்சில் மக்காச்சோள உத்தேசம் 9 கோடி ஏக்கர், முந்தைய ஆண்டைவிட 5 சதவீதம் குறைவு. 2025-ல் 10.54-க்கு 4.70, விகிதம் 2.24-க்கு இறங்கியது. உத்தேசம் 9.53 கோடியாக ஏறியது. விகிதத்தைப் பார்த்தே திசையை ஊகித்துவிடலாம். எவ்வளவு தூரம் என்பதுதான் பிடிபடாது.

அறிக்கை விலையை அசைக்கிறது, அசைந்த விலை விவசாயியின் மனத்தை மாற்றுகிறது, மாறிய மனம் அறிக்கையையே பொய்யாக்குகிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது அறிக்கையின் பயனாகவே படுகிறது. நம் ஊரில் சின்ன வெங்காயம் ஒரு வருடம் நல்ல விலைக்குப் போனால் மறு வருடம் எல்லோரும் வெங்காயம் போட்டு, விலை விழுந்து, அதற்கடுத்த வருடம் யாருமே போடாமல் மறுபடி ஏறுவதைப் பார்க்கிறோமே, அந்தச் சுழலை உடைக்க ஒரு வழி, மற்றவர்கள் என்ன போடப் போகிறார்கள் என்று விதைக்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுவது. 2020 மார்ச்சில் மக்காச்சோள உத்தேசம் 9.7 கோடி ஏக்கர் என்று வந்தது. அதே சமயம் கொரோனாவால் யாரும் வண்டி ஓட்டவில்லை, எத்தனால் தேவை படுத்துவிட்டது. விலை இறங்கியது, ஏக்கரும் கரைந்தது. ஜூன் அறிக்கையில் 9.2 கோடி, கடைசிக் கணக்கில் 9.1 கோடிக்கும் கீழே. 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி உர விலை ஏறியிருந்த நேரத்தில், உரம் அதிகம் கேட்கும் மக்காச்சோளத்தை விட்டுச் சோயாவுக்கு 9.1 கோடி ஏக்கர் என்று சாதனை உத்தேசம் சொன்னார்கள். மக்காச்சோளத்தைவிடச் சோயா அதிகம் என்பதே அபூர்வம். நட்டு முடித்தபோது சோயா 8.8 கோடியைக்கூடத் தொடவில்லை.

எல்லா ஆண்டும் இப்படித் திரும்பாது. 2025-ல் 9.53 கோடி என்ற பெரிய எண் வந்தும் அன்று விலை பெரிதாக அசையவில்லை, ஜூனில் 9.52 கோடி, எல்லாம் சரி என்று சந்தை உட்கார்ந்திருந்தது. ஆகஸ்ட் 12 அன்று பரப்பை 9.73 கோடி என்று திருத்தினார்கள், கூடவே ஏக்கருக்கு 188.8 புஷல் என்ற சாதனை மகசூல் மதிப்பீடு. டிசம்பர் மக்காச்சோளம் 4 டாலருக்குக் கீழே போய்விட்டது. செப்டம்பரில் இன்னும் ஏற்றி 9.87 கோடி. மார்ச்சில் சொன்னதைவிட 34 லட்சம் ஏக்கர் கூடுதல்! விதையும் உரமும் குளிர்காலத்திலேயே வாங்கிவிடுவதால் மார்ச்சுக்குப் பிறகு பெரிதாக மாற முடியாது என்று சொல்பவர்களுக்கு அந்த ஆண்டு ஒரு பதில்.

மழைக் கதை 2019. மார்ச் 29 அன்று மக்காச்சோளம் 9.28 கோடி ஏக்கர் என்று வந்தது, சந்தை எதிர்பார்த்தது 9.13 கோடி. விலை விழுந்தது, பல விவசாயிகள் இந்த ஆண்டு அவ்வளவுதான் என்று முடிவு கட்டினார்கள். அப்புறம் மழை பிடித்தது, விடவே இல்லை. வயலில் டிராக்டர் இறங்க முடியவில்லை. அங்கே காப்பீட்டில் ஒரு பிரிவு உண்டு: மே 31 அல்லது ஜூன் 5 போன்ற குறித்த தேதிக்குள் நட முடியாமல் போனால், நடாமலே ஓர் இழப்பீடு வாங்கலாம். அந்த ஆண்டு எல்லாப் பயிருமாகச் சேர்த்து 1.9 கோடி ஏக்கருக்கு மேல் அப்படி விடப்பட்டது. மக்காச்சோளம் மட்டும் 1.1 கோடிக்கு மேல். டிசம்பர் மக்காச்சோளம் ஜூன் நடுவில் 4.70 டாலரைத் தாண்டியது. ஜூன் 28 அன்று வந்த அறிக்கை 9.17 கோடி ஏக்கர் என்றது. கணக்கெடுப்பு ஜூன் முதல் இரண்டு வாரத்தில் நடந்தது. அப்போது இன்னும் நடாத விவசாயியும் நட்டுவிடுவேன் என்றுதான் சொல்லியிருந்தார். ஒருவரும் நம்பவில்லை. சில மாநிலங்களில் ஜூலையில் மறுபடி கேட்டார்கள். ஆகஸ்ட் 12 அன்று 9 கோடி என்றார்கள். அதுவே சந்தை நினைத்திருந்ததைவிட அதிகம், அன்றைக்கு 25 சென்ட் அடி.

அந்த ஆகஸ்டில் விவசாயிகளுக்கு வேளாண் துறை மீது வந்த கோபம் சாதாரணமானதில்லை. "விலையை இறக்கவே எண்ணைக் கூட்டிக் காட்டுகிறார்கள்" என்ற பேச்சு அங்கே எப்போதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உத்தேசம் தவறிய ஆண்டுகளை எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும்தான் தவறியிருக்கிறது. உண்மையான கவலை வேறு: கேட்டால் பதில் சொல்லும் விவசாயிகளின் பங்கு பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. பதில் சொல்லாதவர்கள் வேறு மாதிரி விதைப்பவர்களாக இருந்தால் கணக்கு சாயும். "அறிக்கை தப்பு" என்று திட்டிவிட்டு அடுத்த மார்ச்சில் தொலைபேசியை எடுக்காதவர் அறிக்கையை இன்னும் மோசமாக்குகிறார்.

இந்த அறிக்கைகள் இல்லாத காலம் விவசாயிக்கு நன்றாக இருந்ததாகவும் சொல்ல முடியாது. அப்போது பெரிய வியாபாரிகள் தங்கள் ஆட்களை வைத்துத் தனியாகத் தகவல் திரட்டுவார்கள். விவசாயி கடைசியில்தான் தெரிந்துகொள்வார். அரசு கணக்கு வந்த பிறகும் திருட்டு நடந்தது. 1905-ல் வேளாண் துறையில் இருந்த எட்வின் ஹோம்ஸ் என்ற புள்ளியியல் அதிகாரி, பருத்தி மதிப்பீட்டை வெளியே காத்திருந்த வியாபாரிகளுக்கு ஜன்னல் திரையை ஏற்றியும் இறக்கியும் காட்டிக்கொடுத்ததாகப் பெரிய ஊழல் வெடித்தது. இன்றும் அறிக்கை தயாராகும் அறையைப் பூட்டி, ஜன்னலை மூடி, தொலைபேசியைத் துண்டித்துத்தான் வேலை நடக்கிறது. அயோவாவில் 200 ஏக்கர் வைத்திருப்பவருக்கும் சிகாகோ நிறுவனத்துக்கும் எண் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. (நிறுவனத்தின் கணினி அதைப் படித்து ஆர்டர் போடுவது கண் இமைக்கும் நேரத்துக்குள், அது வேறு.) இன்னொரு வேடிக்கை: 1927-ல் பருத்தி விலை இறங்கும் என்று வேளாண் துறை சொல்லப்போய், விலை மளமளவென்று சரிய, கொதித்த நாடாளுமன்றம் பருத்தி விலையைக் கணிக்கவே கூடாது என்று சட்டம் போட்டது. அந்தத் தடை 2008 வரை இருந்தது.

இனி விற்பனை. "அறிக்கைக்கு முன்னாலா, பின்னாலா?" என்ற கேள்விக்குப் பதில், எவ்வளவு விற்காமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். மார்ச் கடைசியில் அங்குள்ள விவசாயிக்கு இரண்டு கனம் உண்டு. ஒன்று, போன அறுவடையில் மிஞ்சி இரும்புக் குதிர்களில் கிடக்கும் பழைய தானியம். இன்னொன்று, இன்னும் விதைக்காத, ஆனால் அறுவடைக்கு வரப்போகிற புதுத் தானியம். மோசமான அறிக்கை இரண்டையும் ஒருசேரக் கீழே இழுக்கும். பழைய தானியத்தில் பாதியை வைத்துக்கொண்டு, புதுசிலும் ஒரு புஷல்கூட விற்காமல் அறிக்கைக்குக் காத்திருப்பவர் தன் ஒன்றரை ஆண்டு விளைச்சலை ஒரு மதியத்தின் மீது பந்தயம் கட்டுகிறார். பெரும்பாலும் அது தெரியாமலே.

ஒரு கணக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஒருவர் 400 ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறார், ஏக்கருக்கு 200 புஷல், மொத்தம் 80,000 புஷல். 80 சதவீதக் காப்பீடு எடுத்திருக்கிறார், ஆக 64,000 புஷல் அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. நிலக் குத்தகை, விதை, உரம், டீசல், வட்டி எல்லாம் சேர்த்து புஷலுக்கு 4.40 டாலர் அடக்கம் என்று வைப்போம். பிப்ரவரியில் டிசம்பர் முன்பேர விலை 4.70. உள்ளூர் எலிவேட்டர், அதாவது தானியக் கொள்முதல் நிலையம், முன்பேர விலையிலிருந்து 20 சென்ட் கழித்துத்தான் தரும். அந்த இடைவெளிக்கு அங்கே பேசிஸ் என்று பெயர். ஆக நிஜத்தில் கையில் 4.50, லாபம் 10 சென்ட்தான். பெரிய லாபம் இல்லை, ஆனால் லாபம். இவர் அறிக்கைக்கு முன் 20,000 புஷலை விற்றுவிட்டால், அறிக்கை நன்றாக வந்தால் மீதி 60,000-க்கு நல்ல விலை, மோசமாக வந்தால் கால்வாசியாவது தப்பியது. இரண்டில் எது நடந்தாலும் அன்று இரவு தூங்கலாம். முழுவதையும் விற்பதும் ஒன்றையும் விற்காததும் இரண்டுமே சூதாட்டத்துக்குப் பக்கம்.

எப்படி விற்பது என்பதிலும் வித்தியாசம் உண்டு. எலிவேட்டரோடு நேரடி முன் ஒப்பந்தம் போட்டால் முன்பேர விலை, பேசிஸ் இரண்டும் நிலைத்துவிடும். முன்பேர விலையை மட்டும் இப்போது பூட்டி, பேசிஸைப் பிறகு முடிவு செய்யும் ஒப்பந்தமும் உண்டு. ஏக்கர் அறிக்கை அசைப்பது முன்பேர விலையைத்தான். பேசிஸை அசைப்பது பக்கத்து எத்தனால் ஆலை, ரயில், படகு. 2022 இலையுதிர் காலத்தில் மிசிசிப்பி ஆற்றில் தண்ணீர் இறங்கி, சரக்குப் படகுகள் பாதிச் சுமையோடு ஓட வேண்டியிருந்தது. ஆற்றோர எலிவேட்டர்களில் பேசிஸ் பயங்கரமாக அகன்றது. எந்த விதைப்பு அறிக்கையும் அதைச் சொல்லியிருக்காது.

மூன்றாவது வழி புட் ஆப்ஷன். ஒரு கட்டணம் செலுத்தி, இன்ன விலைக்குக் கீழே போனாலும் அந்த விலைக்கு விற்கும் உரிமையை வாங்கிக்கொள்வது. விலை ஏறினால் கட்டணம் மட்டும் போகும். சிகாகோ சந்தை 2012-ல் புதுத் தானியத்துக்கென்றே குறுகிய கால ஆப்ஷன்களைக் கொண்டுவந்தது. அறுவடை வரைக்கும் பாதுகாப்பு வாங்கினால் கட்டணம் அதிகம். ஜூன் அறிக்கை முடியும் வரை போதும் என்றால் குறைவு. அறிக்கை நெருங்க நெருங்க இந்தக் கட்டணமும் ஏறும் என்பதை மறக்கக் கூடாது. அறிக்கைக்கு முந்தைய நாள் போய் வாங்குகிறவர் அந்தப் பயத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். ஒரு முன்பேர ஒப்பந்தம் 5,000 புஷல் என்பதால் சின்ன விவசாயிக்கு எலிவேட்டர் ஒப்பந்தமே வசதி.

முன்கூட்டி விற்றவருக்கு வரும் பெரிய பயம் 2012. அந்த ஆண்டு 9.7 கோடி ஏக்கருக்கு மேல் மக்காச்சோளம் நட்டார்கள், 1937-க்குப் பிறகு அதுவே அதிகம். பரப்பை மட்டும் பார்த்தவர்கள் விலை தரைக்கு வரும் என்றார்கள். வறட்சி வந்து மகசூல் ஏக்கருக்கு 123 புஷலாகச் சுருங்கியது, ஆகஸ்டில் விலை 8 டாலரைத் தாண்டியது. வசந்தத்திலேயே ஒப்பந்தம் போட்டவர் கதி என்ன, கொடுக்கத் தானியமே இல்லையே? அங்கேதான் காப்பீட்டின் அமைப்பு கை கொடுக்கிறது. வருவாய்க் காப்பீட்டில் பிப்ரவரிச் சராசரி, அக்டோபர்ச் சராசரி இரண்டில் எது அதிகமோ அதை வைத்து இழப்பீடு கணக்கிடுவார்கள். அந்த ஆண்டு அது 5.68-லிருந்து 7.50 ஆனது. விளையாத புஷலுக்குக் கிடைத்த அந்தப் பணத்தில் ஒப்பந்தத்தை ஈடுகட்டலாம். காப்பீடு இருக்கும் அளவுக்குள் முன்கூட்டி விற்பது அங்கே துணிச்சல் இல்லை, சாதாரண வியாபாரம். காப்பீட்டைத் தாண்டி விற்பதுதான் துணிச்சல்.

விற்கத் தயங்குபவர்களுக்கு நான் காட்டும் ஆண்டு 2023. டிசம்பர் மக்காச்சோளம் வறட்சிப் பயத்தில் ஜூன் 21-ஐ ஒட்டி 6.20 டாலருக்கு மேல் போனது. மழை வரும் என்று வானிலை சொன்னது. ஜூன் 30 அறிக்கையில் மக்காச்சோளம் 9.41 கோடி ஏக்கர், மார்ச்சில் சொன்னதைவிட 20 லட்சத்துக்கு மேல் கூடுதல். அன்று 5 டாலருக்குக் கீழே முடிந்தது. பத்து நாளில் புஷலுக்கு ஒரு டாலருக்கும் மேல் காணாமல் போனது. அதே அறிக்கையில் சோயா 40 லட்சம் ஏக்கர் குறைந்து 8.35 கோடியாக வர, சோயா ஒரே நாளில் 70 சென்ட்டுக்கு மேல் ஏறியது. ஒரே வயலில் பாதி மக்காச்சோளம், பாதி சோயா என்று போட்டிருப்பவருக்கு அந்த நாள் ஒரு கையில் அடியும் மறு கையில் அல்வாவுமாக இருந்திருக்கும். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் விலைக்குள் கொஞ்சம் பயம் கலந்திருக்கும். பயிர் நன்றாக வந்துவிட்டால் அந்தப் பயத்தின் விலை அறுவடைக்குள் கரைந்துவிடும். பெரும்பாலான ஆண்டுகளில் பயிர் நன்றாகத்தான் வருகிறது. மார்ச் முதல் ஜூன் வரை துண்டு துண்டாக விற்றுவரச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நடைமுறையில் அப்படி விற்பவர்கள் குறைவு. அயோவாவில் குத்தகை ஆண்டு மார்ச் 1-ல் தொடங்குகிறது, பணம் கட்ட வேண்டும் என்பதற்காகவே குளிர்காலத்தில் பழைய தானியம் நிறைய வெளியே வரும். அது சந்தையைப் பார்த்து எடுத்த முடிவு இல்லை. ஏறும்போது இன்னும் ஏறும் என்று காத்திருப்பதும், விழுந்த பிறகு திரும்ப வரும் என்று காத்திருப்பதும் எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தான். விலையும் தேதியும் முன்பே எழுதி எலிவேட்டரிடம் ஆர்டராகக் கொடுத்துவிடுபவர்கள் இதிலிருந்து கொஞ்சம் தப்பிக்கிறார்கள். மதியம் 12 மணிக்குப் பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

கோதுமைக்கு இதே கதை வேறு நாட்காட்டியில் நடக்கிறது. குளிர்காலக் கோதுமையை இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிடுவதால் அதன் பரப்பு ஜனவரி அறிக்கையிலேயே தெரிந்துவிடும். சோயாவுக்கு அமெரிக்கா மட்டும் போதாது. செப்டம்பரில் விதைப்பைத் தொடங்கும் பிரேசில்தான் இப்போது உலகின் பெரிய சோயா உற்பத்தியாளர், அந்நாட்டு அரசு நிறுவனமான கோனாப் வெளியிடும் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கடைசிக் கேள்வி, நமக்கு என்ன. மக்காச்சோளத்தில் நேரடித் தொடர்பு குறைவு. மரபணு மாற்றப்பட்ட தானிய இறக்குமதிக்கு இருக்கும் கட்டுப்பாட்டாலும் சுங்க வரியாலும் சிகாகோவில் 20 சென்ட் விழுந்தது என்று நாமக்கல் கோழித் தீவன ஆலை மறுநாள் விலையைக் குறைக்காது. இங்கே வாராவாரம் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிடுவது விதைத்து முடித்த பரப்பைத்தான். உத்தேசத்தைக் கேட்டுச் சொல்லும் பெரிய கணக்கெடுப்பு நமக்கு இல்லை. விதைக்கும் முன் கையில் கிடைப்பது கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிடும் விலை முன்னறிவிப்பு. மக்காச்சோளத்துக்கு உடுமலைப்பேட்டை சந்தை விலைகளை வைத்து ஆய்வு செய்து, அறுவடை நேரத்தில் இன்ன விலை இருக்கலாம் என்று சொல்கிறார்கள். அதைப் படிக்கும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளலாம்: அந்த விலைக்கு என் அடக்கம் தாங்குமா, இதைப் படித்த மற்றவர்களும் இதையே போட்டால் என்ன ஆகும்? நம் விவசாயிகளில் பெரும்பாலோருக்குப் புட் ஆப்ஷனும் எட்டாது, எலிவேட்டர் ஒப்பந்தமும் இல்லை. 2021 டிசம்பரில் கோதுமை, சோயா உள்ளிட்ட ஏழு பொருட்களின் முன்பேர வர்த்தகத்தையே நிறுத்திவைத்துவிட்டார்கள். தீவன ஆலையோடு போடும் ஒப்பந்தச் சாகுபடியும் கிடங்கு ரசீதை வைத்து வாங்கும் கடனும்தான் இங்கே உள்ள மாற்று.

சமையல் எண்ணெய் விஷயம் வேறு. நம் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. சோயா எண்ணெய் பெரும்பாலும் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது, அதன் விலையைச் சிகாகோவை ஒட்டித்தான் பேசுகிறார்கள். பாமாயிலும் அதைப் பார்த்தே நகர்கிறது. 2023 ஜூன் 30 போல ஒரு நாளில் சோயா எகிறினால் எண்ணெய் இறக்குமதி செய்பவர் அன்றைக்கே கணக்கை மாற்றி எழுதுவார். நம் மளிகைக் கடைக்கு அது வந்து சேரக் கொஞ்ச நாள் ஆகும், இடையில் ரூபாய் மதிப்பும் இறக்குமதி வரியும் குறுக்கே வரும்.